சஹனில் அவருக்கும் இடமுண்டு

 



இன்று என்னுடைய ஒரு தவறிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு வலீமா விருந்து. ஐந்து பேர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்தோம். என் வலப்புறம் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர். ஒரு காலத்தில் கனத்த தேகம் உடையவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி நிற்பவர். இப்போதோ பாதியாக மெலிந்திருந்தார். நான்கைந்து சிறு கவளங்களை நெடுநேரம் மென்று உண்டவர், கையை எடுத்துக்கொண்டார். சுற்றியிருந்தோர் விடவில்லை. "என்ன காக்கா, பிரியாணி பிடிக்கவில்லையா?" என்றார் ஒருவர். "சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்கிறீரா?" என்று சிரித்தார் மற்றவர். நானும் சும்மா இருக்கவில்லை. "பரக்கத்துக்காக இன்னும் ஒரு பிடி" என்று கூறி, ஓர் இறைச்சித் துண்டை எடுத்து அவர் பக்கம் வைத்தேன்.

இமாம் சொன்னதை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை, உண்டார். சற்று நேரத்தில் முகம் வெளிறியது. வாயில் எச்சில் ஊற, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே சென்றார். மண்டபத்தின் பின்புறம் அவர் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் பள்ளியில் தனியாக என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். எட்டு மாதமாகிறது. வீட்டாரைத் தவிர எவருக்கும் தெரியாது" என்றார். பிறகு மூன்று கேள்விகளை முன்வைத்தார். அல்லாஹ் படைத்த உடலை மாற்றிய பாவம் என்னைச் சேருமா? ரமளான் வருகிறது, நான் என்ன செய்வது? நான் உண்ணாததால் என் மனைவி அழுகிறாள், உறவினர் கோபிக்கின்றனர், அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

அன்றிரவு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கிதாபுகளைப் புரட்டினேன். விவரம் அறிந்த மருத்துவரிடமும் கேட்டேன். பெயர் கூறாமல் பேசலாம் என்று அச்சகோதரர் அனுமதி அளித்ததால், அறிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன். இன்று நம் ஊர்களிலும் இச்சிகிச்சை செய்துகொண்டோர் பலர் உள்ளனர். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

சிகிச்சையா, படைப்பை மாற்றுவதா?

இரண்டு முறைகள் பெரிதும் வழக்கிலுள்ளன. ஒன்று 'ஸ்லீவ்' எனப்படுவது. இதில் இரைப்பையின் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதம் அகற்றப்பட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மட்டும் எஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் எனும் சுரப்பு பெருமளவு உண்டாகும் பகுதியும் அதனுடன் போய்விடுவதால் பசியும் குறைகிறது. மற்றொன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை அமைத்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரடியாக இணைத்துவிடுவார்கள்.

இதனைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று எண்ணுவோர் உண்டு. அது அநீதியான எண்ணம். மிகைப் பருமன் ஒரு நோய் என்றே மருத்துவ உலகம் கருதுகிறது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், மூட்டுத் தேய்வு ஆகியவை அதனைத் தொடர்ந்து வருகின்றன. நம் ஆசிய மக்களுக்குக் குறைந்த பருமனிலேயே சர்க்கரை நோய் தாக்குவதால், 2022இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், உடல் நிறைக் குறியீடு 27.5 இருந்தாலே ஆசியர்களுக்கு இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

ஷரீஅத்தின் நிலை என்ன? நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் காட்டுகிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் செய்த மூக்கைப் பொருத்தியிருந்தார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டபோது, தங்கத்தால் செய்துகொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் இடர் நீக்குவதற்காக அனுமதி கிடைத்தது. இறைவனின் படைப்பை மாற்றுவது என்று கண்டிக்கப்பட்டது வேறு. நோயை நீக்கி உடலை அதன் இயல்புக்குத் திருப்புவது வேறு. 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் 18ஆவது அமர்வும் இதனை ஆய்ந்தது. எடை ஒரு நோய்நிலையாக இருந்து, அறுவையன்றி வேறு வழியில்லாதபோது, தீங்கு ஏற்படாது எனும் நிபந்தனையுடன் அது ஆகுமானது எனத் தீர்மானித்தது.

ஆகவே, மருத்துவத் தேவைக்காக இச்சிகிச்சை செய்துகொண்ட சகோதரரே, சகோதரியே! குற்ற உணர்வை நெஞ்சிலிருந்து அகற்றுங்கள். நீங்கள் ஓர் அமானிதத்தைக் காப்பாற்ற முயன்றிருக்கிறீர்கள்.

உண்பதில் ஒரு புது ஒழுங்கு

அறுவை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணலாகாது. உண்மையான முயற்சி அப்போதுதான் தொடங்குகிறது. ஆகாரம் படிப்படியாகவே திரும்பும். முதல் இரு வாரங்கள் வரை நீராகாரம். அடுத்த இரு வாரங்கள் மசித்த கூழ் போன்றவை. பிறகு மிருதுவான உணவு. ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்போதே வழக்கமான உணவு. நாள்கணக்கை உங்கள் மருத்துவர் கூறுவார். 'ஒரு இடியாப்பம்தானே, பாயாவில் ஊறவைத்துத் தின்றால் என்ன?' என்று பத்தாம் நாளில் பிட்டு வாயில் வைக்காதீர்கள். உள்ளே தையலிட்ட இடம் ஆறாமல் இருக்கிறது.

அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் சில உண்டு. கவளம் சிறிதாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இருபது, முப்பது முறை மெல்ல வேண்டும். ஒரு வேளை உணவுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் ஒதுக்க வேண்டும். முதலில் புரதம், சோறு அதன் பின்னரே. முட்டை, மீன், மென்மையாக வெந்த கோழி, பருப்பு, பயறு, தயிர் ஆகியவற்றின் மூலம் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சேர வேண்டும். உணவுடன் தண்ணீர் குடிக்கலாகாது. உண்டு அரை மணி நேரம் கழித்துச் சிறு சிறு மிடறாகப் பருக வேண்டும். அப்படியே நாளெல்லாம் பருகி ஒன்றரை லிட்டரையாவது எட்ட வேண்டும்.

சகோதரர்களே! இதனைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. முதுகெலும்பை நிமிர்த்தச் சில கவளங்கள் போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமெனில் வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்குமாக மூன்று பங்காக்க வேண்டும் என்றும் அண்ணலார் (ஸல்) கற்பித்ததை மிக்தாம் (ரலி) அவர்கள் வாயிலாக அறிந்திருக்கிறோம். மிம்பரில் பலமுறை அதனைக் கூறியும் இருக்கிறேன். ஆனால் விருந்தில் சில கவளங்களோடு எழுந்த ஒரு மனிதரைக் கண்டபோது, அவர் கையில் இறைச்சியைத் திணித்தவனும் நானே.

இனிப்பைக் குறித்தும் எச்சரிக்கை தேவை. குறிப்பாக பைபாஸ் செய்தவர்கள் அல்வா, வட்டலாப்பம், சர்பத் போன்றவற்றை உண்டால், அது குடலுக்குள் விரைந்து இறங்கிவிடும். பத்து நிமிடம் முதல் அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தலை சுற்றும், வயிற்றுப்போக்கு ஏற்படும். மருத்துவர்கள் இதனை 'டம்பிங்' என்பர். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கமும் வரலாம்.

சத்து மாத்திரைகள் ஆயுள் முழுதும் தேவை. வைட்டமின் பி-12ஐ உடல் ஏற்க உதவும் பொருள் இரைப்பையிலேயே சுரக்கிறது. இரைப்பை சுருங்கினாலோ விலக்கப்பட்டாலோ அது குறைகிறது. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவையும் குறையும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று மாத்திரையை நிறுத்தியவர்கள், ஓரிரு ஆண்டுகளில் இரத்தசோகையோடும் கால் மரத்துப்போயும் மருத்துவமனைக்குத் திரும்புகின்றனர். நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் காத்திருக்காதீர்கள். தயமின் எனும் சத்து வற்றி நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். மூட்டுவலிக்குக் கடையில் நாமாக வாங்கி விழுங்கும் வலி நிவாரணிகளும், குறிப்பாக பைபாஸ் செய்தவருக்கு, புண்ணை உண்டாக்கும். புகைபிடிப்பதும் அவ்வாறே.

சில மாத்திரைகளின் கூடு பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினாக இருக்குமோ எனும் ஐயம் நம் மக்களுக்கு எழுகிறது. ஐயத்தால் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கூடில்லாத மாத்திரை, மென்று தின்னும் மாத்திரை, ஊசி ஆகியவை இருக்கின்றன. மருத்துவரிடம் கேளுங்கள், மாற்றித் தருவார். மாற்று கிடைக்காத நிலை வந்தால் ஆலிமிடம் வாருங்கள்.

மாறும் மேனி, வாடும் மனம்

மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதத்திற்குள் தலைமுடி கொத்தாக உதிரும். சகோதரிகள் இதனைக் கண்டு பயந்துபோகின்றனர். விரைவான எடைக்குறைவால் வருவது இது. புரதமும் சத்துகளும் சரியாகச் சேர்ந்தால் பெரும்பாலும் மீண்டும் முளைத்துவிடும். முன்பு எப்போதும் புழுங்கியவர் இப்போது விசிறிக் காற்றுக்கே நடுங்குவார். விரைந்து மெலிவதால் பித்தப்பையில் கல் உண்டாகலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எடுப்போருக்கு அளவு வெகு விரைவில் குறைய வேண்டியிருக்கும். பழைய அளவையே தொடர்ந்தால் ஆபத்து.

தோல் தளர்ந்து மடிந்து தொங்கும். வயிற்றிலும் கைகளிலும் தொடையிலும் அந்த மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணாகும். கடமையான குளிப்பில் மடிப்புகளை விலக்கி உள்ளேயும் தண்ணீர் சேர்ப்பது அவசியம். குளித்தபின் ஈரம் போகத் துடைப்பது மருத்துவம். தொங்கும் தோலால் புண்ணும் வலியும் தொடர்ந்தால், அதனை அகற்றுவதும் சிகிச்சையின் பாற்பட்டதே. அர்ஃபஜா (ரலி) அவர்களின் நிகழ்வு இங்கும் நமக்கு வழிகாட்டும்.

மணமான சகோதரிகளுக்கு ஒரு சொல். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் முதல் 12 முதல் 18 மாதங்கள் கருவைத் தள்ளிவைக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். தாய்க்கே சத்துப் போதாத காலம் அது. 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று மருமகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும் மாமியார்கள் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது நாவுகளின் காயம். பருமனாக இருந்தபோது 'ஆனை' என்று அழைத்தவர்களே, மெலிந்தபின் 'சீக்காளி' என்கின்றனர். மெலிந்த கால்களையுடைய இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சி எடுக்க மரமேறினார்கள். காற்றில் ஆடை விலகக் கால்கள் தெரிந்தன, தோழர்கள் சிரித்துவிட்டனர். அக்கால்கள் மறுமைத் தராசில் உஹது மலையை விடக் கனமானவை என நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். இறைவனின் தராசு எடையைப் பார்ப்பது வேறு விதத்தில் என்பது அன்று அவர்களுக்குப் புரிந்தது. நமக்கு எப்போது புரியும்?

நோயாளியே! உங்களுக்கும் ஒரு சொல். உணவுதான் சிலருக்கு ஆறுதலாகவும் துணையாகவும் இருந்திருக்கும். அது போனபின் வெறுமை தோன்றும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குப் பின் எடை குறைவது நின்று, சற்று ஏறவும் கூடும். அப்போது மனம் உடைந்துவிடாதீர்கள். மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் கூறுவது ஈமானின் குறைவு அல்ல.

தொழுகையும் நோன்பும்

அறுவைக்குப் பிந்திய நாள்களில் குனிய முடியாவிட்டால் அமர்ந்து தொழலாம், அதுவும் இயலாவிட்டால் படுத்துத் தொழலாம். இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய சலுகை அது.

நோன்பு குறித்து அச்சகோதரர் கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. "பதினைந்து வயது முதல் ஒரு நோன்பும் விட்டதில்லை ஹஜ்ரத்" என்றார். முதல் ஆண்டில் நோன்பு நோற்க வேண்டாமென்றே பல மருத்துவர்கள் கூறுகின்றனர். ஒரே மூச்சில் ஒரு குவளை நீரைக் கூடக் குடிக்க முடியாதவர், பகலெல்லாம் பருகாமலிருந்தால் உடல் வறண்டு சிறுநீரகம் பாதிக்கப்படும். நோயாளி வேறு நாள்களில் கணக்கிட்டு நோற்கலாம் என்று பகரா அத்தியாயத்தில் அல்லாஹ்வே அனுமதித்துவிட்டான். நாடிய இலகுவை இறைவன் தந்திருக்க, அதனை ஏற்கக் கூச்சம் எதற்கு? பின்னர் ஆற்றல் வந்தால் களா. இனி ஒருபோதும் இயலாது என நம்பத்தகுந்த மருத்துவர் கூறினால், நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா. தன் வாயால் உண்ண முடியாத சோற்றை ஓர் ஏழையின் வயிற்றுக்கு அனுப்புவதும் வணக்கமே.

மருத்துவர் அனுமதித்து நோன்பு நோற்போர் மஃரிபிலிருந்து ஸஹர் வரை மிடறு மிடறாக நீர் பருகிக்கொண்டிருக்க வேண்டும். தராவீஹின் இடைவெளியிலும் பாட்டில் அருகிலிருக்கட்டும். பேரீச்சம்பழத்தின் இனிப்பு ஒத்துக்கொள்ளாதவர் தண்ணீரால் நோன்பு துறக்கட்டும். அதுவும் சுன்னத்தில் உள்ளதே. நோன்புக் கஞ்சி மென்மையானதுதான். எனினும் அதில் அரிசியே மிகுதி. எனவே அரைக் கிண்ணத்தோடு நிறுத்தி, முட்டைக்கும் மீனுக்கும் வயிற்றில் இடம் வையுங்கள். ஸஹரைத் தவறவிடாதீர்கள். உண்டது தானாக எதிரெடுத்து வாந்தியானால் நோன்பு முறியாது. வேண்டுமென்றே வாந்தி எடுத்தால் அதனைக் களாச் செய்ய வேண்டும். வாய்க்கு வந்ததை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். தலை சுற்றி மயக்கம் வருமெனத் தோன்றினால் நோன்பை முறித்துவிடுங்கள். உயிரைப் பணயம் வைக்க மார்க்கம் கேட்கவில்லை.

நம் கடமை என்ன?

அன்பர்களே! நூர் அத்தியாயத்தின் 61ஆவது வசனத்தை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். பார்வையற்றவர் மீதும், கால் ஊனமுற்றவர் மீதும், நோயாளி மீதும் குற்றமில்லை என்று அது தொடங்குகிறது. உண்ணுதலைப் பற்றிப் பேசுகிறது. நோயாளி ஏன் அங்கே வருகிறார்? முஃபஸ்ஸிர்கள் கூறும் விளக்கங்களில் ஒன்று இது: நோயாளியால் மற்றவர் அளவுக்கு உண்ண முடியாது, அவருடன் ஒரே தட்டில் உண்டால் அவர் பங்கை நாம் தின்றுவிடுவோமே என்று மக்கள் கூச்சப்பட்டு, உடன் உண்பதைத் தவிர்த்தனர். அக்கூச்சத்தை இறைவன் நீக்கினான். அதே வசனத்தின் பிற்பகுதியில், சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் குற்றமில்லை என்றும் தெளிவாக்கிவிட்டான்.

அந்நாள் மக்கள் நோயாளியின் பங்கை உண்டுவிடுவோமோ என அஞ்சினர். நாமோ, அவரால் உண்ண முடியாததை அவர் வாயில் திணிக்கிறோம்! அவர்களின் கூச்சம் அன்பிலிருந்து பிறந்தது. நம் வற்புறுத்தலும் அன்பிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் அன்பு என்பதற்காகத் தீங்கு நன்மையாகிவிடாது.

உடும்பு இறைச்சி விரிப்பில் வைக்கப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது விலக்கப்பட்டதல்ல, தமக்கு விருப்பமில்லை என்பதை மட்டும் தெரிவித்தார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதே விரிப்பில் அதனை உண்டார்கள். எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. எவரும் மனம் கோணவில்லை. எந்த உணவையும் அண்ணலார் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். விருந்தினருக்கும் விருந்தளிப்பவருக்கும் இதனைவிட அழகான பாடம் எது?

ஆகவே விருந்தளிப்போரே! குறைவாக உண்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். தன் உடலில் நடந்ததை ஊரறியச் சொல்ல எவருக்கும் கடமையில்லை. ஒரு சிறு தட்டும் ஒரு முட்டையும் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். கணவருக்காக ஆக்கி வைத்து, அவர் உண்ணவில்லையே என அழும் சகோதரியே! அவர் மறுப்பது உங்கள் கையை அல்ல. உப்பும் காரமும் அளவாக, மீனை மென்மையாக, கோப்பை அளவில் ஆக்கிக் கொடுங்கள். அவரோடு அரை மணி நேரம் அமர்ந்திருங்கள். அதுவே இப்போது அவருக்கு நீங்கள் அளிக்கும் விருந்து.

நோயாளியே! வெட்கத்தால் தலையை ஆட்டிவிட்டுப் பின் துன்புறாதீர்கள். 'அல்ஹம்து லில்லாஹ், எனக்குப் போதும்' என்று இன்முகத்துடன் கூறிக் கையை எடுங்கள். இமாமே வற்புறுத்தினாலும் சரி! உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டியதை மறவாதீர்கள்.

சென்ற மாதம் மற்றொரு வலீமாவில் அச்சகோதரர் மீண்டும் என் பக்கத்தில் அமர்ந்தார். எல்லோரும் ஒரே சஹனில் கை வைத்தோம். அவர் முன் ஒரு சிறு தட்டு. அதில் கொஞ்சம் மீன், ஒரு முட்டை. நாங்கள் சஹனை முடிக்கும் வரை அவரும் மென்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார். அவர் பிஸ்மில்லாஹ் கூறியதும் எங்களுடன்தான், அல்ஹம்து லில்லாஹ் கூறியதும் எங்களுடன்தான். அன்று ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! எடுத்த சிகிச்சையில் பரக்கத்தையும், அதன் ஒழுங்குகளைப் பேண உறுதியையும் தருவாயாக! எங்கள் நாவுகளால் எவர் மேனியும் மனமும் காயப்படாமல் காப்பாயாக! உண்பதிலும் உண்ணக் கொடுப்பதிலும் உன் ஹபீபின் வழியை எங்களுக்கு எளிதாக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.